ஏட்டில் எழுதிய மஞ்சள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவரை நோக்கி இப்பழமொழி அடிக்கடி வீசப்படுகிறது. சுவடியையும் நிகண்டையும் பாடவேறுபாட்டையும் கற்பதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர் பலர். பொறியியலும் கணினியியலும் பயிலும் நண்பர் நடுவே நம் மாணவர் தலைகுனிந்து நிற்கும் நிலையையும் காண்கிறோம். அவ்வினாவுக்கு விடை கூற ஒரு வழக்கின் வரலாறு நமக்குத் துணை நிற்கிறது. அவ்வழக்கில் அடுக்களை மஞ்சளால் ஆகாததை ஏட்டில் இருந்த மஞ்சள் செய்து முடித்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் மஞ்சளை அறியாதார் இலர். நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி எனத் தரம் பிரித்து மூட்டைகள் விலைபோகின்றன. மல்லசமுத்திரத்தில் எந்தச் சமயத்தார் வீட்டிற்குச் சென்றாலும் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளுக்கு ஓர் இடம் உண்டு. கால் இடறிக் குருதி கசிந்தால் மஞ்சளை வைத்துக் கட்டுவது நம் வழக்கம். கறவை மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே இன்று உழவர்க்குப் பரிந்துரைக்கிறது. இத்தகைய பொருள் ஒன்றின்மீதுதான் கடல்கடந்த நாடொன்றில் தனியுரிமை வழங்கப்பட்டது.

வழக்கின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு 1995ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் 5,401,504 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பெற்றது. மஞ்சள் தூளை உள்ளுக்குக் கொடுத்தும் புண்ணின்மேல் இட்டும் புண்ணை ஆற்றும் முறைக்கு உரியது அது. கண்டுபிடிப்பாளர் எனப் பெயர் பதிந்திருந்த இருவரும் இந்திய வழியினர் என்பது வியப்புக்குரியது.

ஈண்டு ஒரு தெளிவு தேவை. அமெரிக்கர் உரிமை பெற்றுவிட்டதால் நம் வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசினாலும் வழக்கு வரும் என்று அந்நாளில் மேடைகளில் முழங்கியோர் உண்டு. அது பிழை. ஒரு நாட்டின் காப்புரிமை அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லும். ஆயினும் அமெரிக்கச் சந்தையில் அப்பயன்பாட்டைச் சொல்லி மஞ்சளை விற்பதற்குத் தடை விதிக்கும் ஆற்றல் அவ்வுரிமைக்கு இருந்தது. நம் முன்னோர் கண்டதைப் பிறர் தம் கண்டுபிடிப்பு எனப் பதிவு செய்வதை ஒருமுறை பொறுத்தால் அடுத்தடுத்துப் பொறுக்க வேண்டியிருக்கும்.

இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம், ரகுநாத் மஷேல்கர் அதன் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில், 1996 அக்டோபரில் அக்காப்புரிமையை மறு ஆய்வு செய்யுமாறு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பித்தது. விண்ணப்பத்துடன் 32 சான்றுகள் இணைக்கப்பெற்றன. அவற்றுள் சில நூறாண்டுக்கு மேல் பழமையுடையவை. 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றும் அவற்றுள் இடம்பெற்றது. 1997 ஆகஸ்டில் அலுவலகம் காப்புரிமைக் கோரிக்கைகளைத் தள்ளியது. 1998 ஏப்ரலில் மறு ஆய்வுச் சான்றிதழ் வெளிவந்து வழக்கு முடிவுற்றது.

வழக்கைப் பற்றிய செய்திகளில் அச்சான்றுகளின் மொழிகளாகச் சமஸ்கிருதம், உருது, இந்தி ஆகியன குறிக்கப்பெறுகின்றன. மஞ்சள் விளையும் மண்ணில் வாழும் நாம், சித்த மருத்துவச் சுவடிகளைக் கட்டுக்கட்டாக உடைய நாம், அவ்வரிசையில் தமிழின் பெயரைக் காணவில்லை. இவ்வெற்றியை எண்ணி மகிழும்போதெல்லாம் இக்குறையும் நம் நெஞ்சில் உறுத்துதல் வேண்டும்.

முற்சான்று என்பது யாது?

காப்புரிமை பெறும் பொருளோ முறையோ புதியதாக இருத்தல் வேண்டும். அத்துறையறிந்த ஒருவர் எளிதில் எட்டக்கூடியதாகவும் இருத்தல் ஆகாது. விண்ணப்ப நாளுக்கு முன்னரே அப்பொருள் பொதுமக்கள் அறியக் கிடந்தது என்று காட்டும் ஆவணமே முற்சான்று ஆகும். அதைத் தேடிக் கண்டெடுத்து முன்வைப்பவர் காப்புரிமையை வீழ்த்த முடியும்.

அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அமெரிக்காவில் ஒரு முறை புழக்கத்தில் இருந்திருந்தால் அப்புழக்கமே சான்றாகும். பிற நாட்டில் புழக்கத்தில் இருந்திருந்தாலோ அது காப்புரிமையாகவோ அச்சிட்ட வெளியீடாகவோ இருந்தாலன்றி ஏற்கப்படாது. இந்தியாவின் பாட்டிமார் அனைவரும் ஒன்றுகூடிச் சாட்சியம் கூறினும் அது செல்லாது. ஓர் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை செல்லும். 2011இல் இயற்றப்பெற்றுப் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் எந்த நாட்டில் எந்நாளில் இருந்தது என்பதை நிறுவும் சுமை நீங்கவில்லை. வாய்மொழி காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் பரந்த உள்ளம் கொண்டது. மரபறிவைக் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது என 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஒரு வட்டார மக்களிடையே வாய்மொழியாக வழங்கும் அறிவையும் எதிர்ப்புக்குக் காரணமாகக் காட்டலாம் என்பதும் நம் சட்டத்தில் உண்டு. அங்கும் அவ்வறிவைத் திரட்டித் தருவதற்கு ஆள் வேண்டும்.

பொடியும் விழுதும்

மஞ்சள் வழக்கில் தமிழ் மாணவர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சான்றுகள் முன்வைக்கப்பெற்றதும் காப்புரிமையாளர் எளிதில் பணியவில்லை. பழைய நூல்கள் கூறுவது மஞ்சள் விழுதை. தாம் கோரியதோ மஞ்சள் பொடியை. இரண்டின் இயல்பும் உடலில் சேரும் முறையும் வேறு என்றனர். பழைய நூல்கள் மஞ்சளைத் தேனோடு உண்ணக் கூறுகின்றன. தேனே புண்ணை ஆற்றும் இயல்புடையதாதலின் அது மஞ்சளின் பயனுக்குச் சான்றாகாது என்றும் வாதிட்டனர். ஒரு சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு கரையேற முயன்றனர் எனின் மிகையன்று.

இவ்வாதத்திற்கு விடை தரும் சொல்வளம் தமிழ் மருத்துவ நூல்களில் நிறைந்துள்ளது. உலர்த்தி இடித்துச் சலித்தது சூரணம்; ஈரமாக அரைத்தது கற்கம்; மேலே அப்புவது பற்று; நெய்ப்பொருளுடன் கூட்டியது களிம்பு; நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தது குடிநீர். மருந்து வேறு, அதனை உட்கொள்ளத் துணையாகும் தேன், நெய், வெந்நீர் முதலான அனுபானம் வேறு என்னும் பகுப்பும் அங்கு உண்டு. சூரணத்தையும் கற்கத்தையும் ஒன்றாக்கி எழுதும் பதிப்பாசிரியர், அனுபானத்தை மருந்தின் கூறாக மொழிபெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் ஆகிய இருவரும் தம்மை அறியாமலே வழக்கைத் தோற்கச் செய்வர்.

பெயர்களும் அவ்வாறே. மஞ்சளுக்கு அரிசனம், காஞ்சனி, நிசி, பீதம் எனப் பல பெயர்கள் மருத்துவ நூல்களில் வழங்குகின்றன. மஞ்சள் என்னும் சொல்லை மட்டும் கணினியில் தேடுபவர்க்கு நிசி எனக் கூறும் பாடல் அகப்படாது. மறுபுறம், மரமஞ்சள், கஸ்தூரி மஞ்சள் என்பன மஞ்சள் என்னும் பெயரைத் தாங்கியும் வேறு செடிகள். பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு மயங்கிச் சான்று காட்டினால் எதிர்த்தரப்பார் அதனை ஒரு நொடியில் உடைப்பர். இவற்றைப் பிரித்தறியும் பயிற்சி நிகண்டு கற்றவர்க்கே வாய்க்கும்.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் தோன்றாது. கழஞ்சு, பலம் முதலிய நிறைகள் குறியீடுகளாக நிற்கும். இவற்றைச் சரியாகப் படித்து, பல சுவடிகளை ஒப்பிட்டு, ஏற்ற பாடத்தைத் தேர்ந்து, நீக்கிய பாடத்தை அடிக்குறிப்பில் தரும் பணியைச் செய்தற்குரியது தமிழ்த்துறையே.

வேம்பும் நெல்லும் கற்பிப்பவை

வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூசண நோயைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனத்துக்கும் உரிமை வழங்கியது. வந்தனா சிவா, பெல்ஜியத்தின் மக்தா ஆல்வோத், உலக இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பு ஆகியோர் 1995இல் எதிர்ப்பு மனு அளித்தனர். ஐரோப்பியச் சட்டம் எங்கு வழங்கிய புழக்கத்தையும் ஏற்பது. முன்னரே அத்தகைய சாற்றை உருவாக்கிப் பயன்படுத்திய இந்திய உற்பத்தியாளர் ஒருவர் அளித்த சாட்சியம் அவ்வழக்கில் பெரிதும் பேசப்பட்டது. 2000 மே மாதம் உரிமை நீக்கப்பெற்றது. மேல்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளப்பட்டது. மனுவிலிருந்து முடிவுவரை கழிந்தவை பத்து ஆண்டுகள்.

பாசுமதி வழக்கு வேறொரு பாடம் புகட்டுகிறது. டெக்சாசைச் சேர்ந்த ரைஸ்டெக் நிறுவனம் 1997 செப்டம்பரில் பெற்ற காப்புரிமையில் 20 கோரிக்கைகள் இருந்தன. 2000ஆம் ஆண்டில் இந்தியா சான்றுகளுடன் எதிர்த்தது. பெரும்பாலான கோரிக்கைகள் கைவிடப்பட்டும் தள்ளப்பட்டும் போயின. ஆயினும் அந்நிறுவனம் தானே உருவாக்கிய சில நெல் வகைகள் பற்றிய கோரிக்கைகள் நிலைத்தன. பிறர் உண்மையாகவே புதிதாகச் செய்ததை நம்முடையது என வாதிட இயலாது, வாதிடுதலும் அறமன்று. முற்சான்று தேடுபவர்க்கு முதலில் வேண்டுவது நேர்மை.

பெருமை சான்றாகாது

நம் மேடைகளில் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. உலகில் எது புதிதாக வெளிவந்தாலும் இது எம்மிடம் அன்றே இருந்தது என்று கூறிக் கைதட்டல் பெறுவது அவ்வழக்கம். எந்நூலில், எப்பாடலில், எந்தச் சுவடியில், எக்காலத்தில் என்று கேட்டால் விடை வாராது. அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பல. அவை வேறு வேறு நூற்றாண்டுகளில் வேறு வேறு புலவரால் ஆக்கப்பெற்றவை என்பதை அவற்றின் மொழிநடையே காட்டும். அவற்றை ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையவை எனக் கூறினால் அயலார் நகைப்பர். நாம் காட்டும் உண்மைச் சான்றையும் ஐயுறுவர்.

அவ்வளவு பழமை காப்புரிமை வழக்கிற்குத் தேவையும் இல்லை. விண்ணப்ப நாளுக்கு ஒரு நாள் முந்தினாலே போதும். அந்த ஒரு நாளை ஐயத்திற்கு இடமின்றி நிறுவுதல் வேண்டும். தொன்மையான நூலோடு 1953ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒரே மன்றத்தில் ஒக்க நின்றது இதனாலேயே.

நாள் குறித்து, ஆள் குறித்து, இடம் குறித்துச் சான்று கூறும் நெறி நமக்குப் புதியதன்று. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் ஒரு செய்தியின் இனிமையில் மயங்கவில்லை. இதனைச் சொன்னவர் யார், அவர்க்குச் சொன்னவர் யார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தனரா என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர். இஸ்னாத் எனப்படும் அத்தொடர் இடையில் அறுந்தால், கருத்து எத்துணை நன்றாயினும் பலவீனமான அறிவிப்பு என்று குறித்து வைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலகாவைச் சேர்ந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தபோது முன்னோர் கூற்றுகளை அவரவர் பெயரோடு எழுதி வைத்தார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டே. மதரஸாவில் கற்பிக்கும் ஒழுங்கும் தமிழ்ப் பதிப்பியல் ஒழுங்கும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

நமக்குக் கிடைத்துள்ள கருவூலம்

மஞ்சள் வழக்கின் பின்னர், 2001ஆம் ஆண்டில் மரபறிவு மின்னணு நூலகம் தொடங்கப்பெற்றது. சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது, தமிழ் ஆகிய மொழிகளிலுள்ள ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களிலிருந்து நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் ஆக்கி வைக்கப்பெற்றுள்ளன. 2009 முதல் ஐரோப்பிய அலுவலகமும் பின்னர்ப் பிற நாட்டு அலுவலகங்களும் அதனைப் பார்வையிடுகின்றன. அச்சான்றுகளின் முன்னே நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டும் திருத்தப்பட்டும் கைவிடப்பட்டும் போயின. அவ்வைந்து மூலமொழிகளுள் தமிழும் அரபும் அருகருகே நிற்பது நம் கல்லூரி போன்ற ஒன்றுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு அன்றோ!

அவ்வழைப்பை ஏற்கும் தகுதி நம்மவர்க்கு முன்னரே இருந்தது. சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணிபுரிந்த மூதீன் ஷெரீப் 1869இல் இந்திய மருந்து நூலுக்கு ஒரு துணைநூல் இயற்றி அச்சிட்டார். ஒரு மருந்துப் பொருளுக்குத் தமிழ், தெலுங்கு, உருது, பாரசீகம், அரபு முதலிய மொழிகளில் வழங்கும் பெயர்களை ஒப்பிட்டுத் திருத்தித் தந்த அரும்பணி அது. அவர் இயற்றிய சென்னை மருந்துப்பொருள் நூல் அவர் மறைவுக்குப் பின் 1891இல் வெளிவந்தது. அதற்கும் முன்னர், 1813இல், ஒயிட்லா ஐன்ஸ்லி என்னும் மருத்துவர் இந்துஸ்தானத்து மருந்துப்பொருள் பற்றிய நூலைச் சென்னையில் அச்சிட்டார். அதிலும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. அச்சு, ஆண்டு, இடம் மூன்றும் ஐயமற விளங்கும் இத்தகைய நூல்கள் காப்புரிமை அலுவலகம் மறுக்கவொண்ணாத சான்றுகள்.

இராமதேவர் என்னும் சித்தர் மக்கம் சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி; அவர் பெயரால் மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபிலும் மருத்துவக் குறிப்புகள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வோராண்டும் குறைந்து வருகின்றனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளோடு அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. இரு மரபையும் அறிந்த இளைஞர் அங்குச் செல்லாவிடின் வேறு எவர் செல்வர்?

ஓர் ஐயம்

பெரியோர் சிலர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்புவர். நம் குடும்பத்து மருந்தை அச்சிட்டு வெளியிட்டால் அதனை எவரும் விலையின்றிக் கொண்டுபோவாரே, அது காப்பதாகுமா, இழப்பதாகுமா என்பது அவ்வையம். அச்சில் வந்த அறிவைப் பிறர் தமக்கு மட்டும் உரியது எனப் பூட்ட முடியாது. ஆயினும் பயன்படுத்த முடியும். இதனை மறைத்தல் கூடாது. ஏற்கெனவே நூலிலும் ஊரறிந்த வழக்கிலும் உள்ளதை நாளிட்டு வெளியிடுவதே நன்று. ஒரு குடும்பமோ ஒரு குடியோ மறைவாகக் காத்துவரும் அறிவை அவர்தம் இசைவின்றி எழுதி வெளியிடுவது அமானிதத்தை மீறும் செயல்.

கேரளத்து அகத்தியமலைக் காணி மக்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து, பாலோட்டு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் ஒரு மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதி அம்மக்களுக்கு என்று உடன்பாடு செய்யப்பெற்றது. இசைவும் பங்கும் இன்றி ஏற்பு இல்லை என்னும் நெறிக்கு அது முன்மாதிரி. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பெற்ற பன்னாட்டு உடன்படிக்கையும், மரபணு வளத்தையும் அதைச் சார்ந்த மரபறிவையும் அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பங்களில் அவற்றின் தோற்றுவாயைத் தெரிவிக்கப் பணிக்கிறது.

செய்ய வேண்டுவன

மாணவர்க்கு மூன்று பணிகள் காத்திருக்கின்றன. முதலாவது, தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள ஏடு, கையெழுத்துப் படி, அரபுத்தமிழ்க் குறிப்பேடு ஆகியவற்றை உரியவர் இசைவுடன் படமெடுத்து அட்டவணை இடுதல். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டு அழிந்த ஏடுகள் எத்துணையோ! எஞ்சியவற்றையேனும் காத்தல் கடன்.

இரண்டாவது, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பேணப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிற்கு உதவுதல். மல்லசமுத்திரம் பேரூராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் மாட்டு வைத்தியம் அறிந்தவர், மூலிகை அறிந்தவர், பழைய விதைகளைக் காப்பவர் ஆகியோர் சொல்லை அவர் சொன்னபடியே, சொன்ன நாளுடன் எழுதித் தர மொழி மாணவரே ஏற்றவர்.

மூன்றாவது, முதுகலை ஆய்வேடுகளை இவ்வழியில் திருப்புதல். ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணைப்படுத்தப்பட்டிருந்த ஆய்வேடு ஒன்றையே காப்புரிமைக்கு எதிரான வெளியீடாக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் ஏற்றது. நம் நூலகத்தில் ஓர் ஆய்வேட்டைப் பதிவெண்ணும் நாளும் இட்டு எவரும் காண வைத்தால் அதுவும் ஒருநாள் ஒரு வழக்கைத் தாங்கக்கூடும். மதிப்பெண் பெற்றவுடன் பரணில் எறியப்படும் ஆய்வேட்டால் அது முடியாது.

கல்லூரி ஆட்சியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். சுவடியைப் படமெடுக்கும் கருவி, ஒரு தனியறை, அரபுத்தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியர் ஆகிய மூன்றையும் அளித்தால் இப்பணி இவ்வாண்டே தொடங்கும்.

மஞ்சள் வழக்கு வென்றதால் மஞ்சளின் விலை ஒரு காசும் உயரவில்லை என்பது உண்மை. நம் நிலத்தின் எல்லைக்கல் பெயர்க்கப்படாமல் காக்கப்பெற்றது, அவ்வளவே. எல்லைக்கல்லைக் காப்பதற்கும் ஆள் வேண்டும். இனி ஒரு வழக்கு வரும்போது சான்றுகளின் மொழிவரிசையில் தமிழும் இடம்பெறுதல் வேண்டும். அதற்குரிய ஏடு நம் ஊரில் எவர் வீட்டுப் பரணிலோ கிடக்கக்கூடும். கறையான் அதனை எட்டுமுன் நாம் எட்டுதல் வேண்டும்.